இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை: ஹவுசிங் போர்டு வாசலிலிருந்து ஒரு மதிப்பீடு

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும் செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனை, கட்டாயம் போய்ச் செய்துகொள்ள வேண்டிய ஒன்று. பைசா செலவில்லை. ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை. வரிசையில் நிற்கும் நேரத்தைக் கழித்துவிட்டால் மூன்றும் சேர்ந்து இருபது நிமிட வேலை. ஆண்களுக்கு இதில் வாய்ப் பரிசோதனை மட்டும் உண்டு, அது மூன்றே நிமிடம்.

இந்தப் பாராட்டு சேவையின் முன்பாதிக்குத்தான். சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்த பிறகு ஆரம்பிக்கும் பின்பாதியைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேச முடியாது. பரிசோதனை மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. சந்தேகம் வந்தவர் அடுத்த மருத்துவமனைக்குப் போய், உறுதிசெய்து, சிகிச்சை முடித்தால்தான் அது தடுப்பு. முகாமில் எத்தனை பேரைப் பார்த்தோம் என்ற கணக்கு எளிதாகக் கிடைக்கும். எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதைக் கேட்டுப் பாருங்கள், பதில் வர நேரமாகும்.

இந்த மதிப்பீட்டை, மக்கள் ‘ஹவுசிங் போர்டு’ என்று சொல்லும் சென்னைப் பகுதி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதுகிறோம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற இடங்கள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள்; அவர்களில் பலருடைய வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. வீட்டு வேலை, ஹவுஸ்கீப்பிங், கட்டட வேலை, மீன் விற்பனை. பொழுது விடிந்ததும் பஸ் ஏறும் பெண்ணுக்குப் பகல் நேரத்தில் மட்டும் நடக்கும் பரிசோதனை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரை இயங்கும்படி அமைக்கப்பட்டவை. நல்ல ஏற்பாடு. ஆனால் கருப்பை வாய்ப் பரிசோதனையும் அந்த நேரத்தில் உண்டா, பெண் செவிலியர் இருப்பாரா என்று முன்னாலேயே விசாரித்துவிட்டுப் போங்கள். பி.பி., சுகர் பார்க்கிற மேஜை எங்கும் இருக்கும். திரையும் படுக்கையும் விளக்கும் எல்லா இடத்திலும் இருக்காது.

இன்னொரு நிர்வாகச் சிக்கல். கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் சென்னை மாநகராட்சியின் சோழிங்கநல்லூர் மண்டலத்தில் வருகின்றன. அடுத்தாற்போல் இருக்கும் பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். பார்ப்பதற்கு ஒரே ஊர் மாதிரி இருந்தாலும் சுகாதார நிர்வாகம் வேறு, பதிவேடு வேறு. கண்ணகி நகரில் அம்மா வீடு, பெரும்பாக்கத்தில் தன் வீடு என்று இருப்பவரின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம்.

ஆட்களைப் பரிசோதனைக்குக் கொண்டுவரும் வேலையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். 2023 இறுதியில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில், இவர்களே வீட்டுக்கு அழைப்புச் சீட்டு கொண்டுபோய்க் கொடுக்கும் முறை வந்தது. இந்தச் சேவையிலேயே மிகச் சரியாக யோசித்த பகுதி இதுதான் என்போம். சுவரொட்டி ஒட்டுவதும் ஆட்டோவில் மைக் கட்டிப் பேசுவதும் தராத பலனைப் பெயர் போட்ட ஒரு சீட்டு தரும். அது தோற்கும் இடமும் தெரிந்ததுதான். பகலில் போனால் பாதி வீடு பூட்டியிருக்கும். ‘வீடு பூட்டியுள்ளது’ என்று குறித்துவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விடுவார்கள். எட்டடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாத நாளில் மேல்மாடிக்காரர்கள் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடுவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒதுக்கீட்டுப் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். தன்னார்வலர் அதே பிளாக்கில் குடியிருப்பவராக இருந்து, மாலை ஏழு மணிக்கு மேலோ ஞாயிறு காலையிலோ போனால் இந்த மூன்றில் இரண்டு சரியாகிவிடும்.

இனி பரிசோதனைகள். கருப்பை வாய்க்குத்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே செய்வது விஐஏ சோதனை, அதாவது அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்ப்பது. செவிலியர் கடைசி மாதவிலக்குத் தேதி, இடையில் ரத்தம் படுகிறதா, உறவுக்குப் பின் ரத்தக் கசிவு உண்டா, கர்ப்பப்பை எடுத்திருக்கிறார்களா என்று கேட்பார். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும். ஸ்பெகுலம் என்ற கருவியால் வழியைத் திறந்து, 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சைக் கருப்பை வாயில் வைத்து, முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாற்றம் அடைந்த செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் திரையும். ஓரம் தெளிவாக, அடர்த்தியாக, உருமாற்றப் பகுதியை (கருப்பை வாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும், புற்றுநோய் தொடங்கக்கூடிய இடத்தை) ஒட்டி வெள்ளை தெரிந்தால் பாசிட்டிவ். அவ்வளவுதான். லேப் வேண்டாம், முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

இவ்வளவு எளிமையானது வேலை செய்யுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களை வைத்து நடத்திய ஆய்வில், விஐஏ செய்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. முடிவு 2007இல் வெளியானது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வில், டாக்டரோ செவிலியரோ அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் செய்தே சாவு 31 சதவீதம் குறைந்தது. ஆனால் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் ஒருமுறை செய்த விஐஏ குறிப்பிடத்தக்க பலன் எதையும் காட்டவில்லை. அமிலம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். பார்க்கும் கண்ணும் பயிற்சியும், பாசிட்டிவ் வந்தவரைத் துரத்திப் பிடிக்கும் ஏற்பாடும் ஊருக்கு ஊர் மாறும். பலன் அதற்கேற்ப மாறுகிறது என்பது எங்கள் கணிப்பு.

எங்கே கோட்டை விடுகிறார்கள்? முதலாவது அமிலம். 5 மில்லி கிளேஷியல் அசிட்டிக் அமிலத்தை 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் 100 மில்லி கிடைக்கும். அன்றன்று காலையில் கலந்து மாலையில் கொட்டிவிட வேண்டும். போன வாரம் கலந்த பாட்டிலில் வீரியம் போயிருக்கலாம். பார்த்தால் தெரியாது, வெள்ளையும் திரையாது, எல்லாருக்கும் ‘நெகட்டிவ்’ வரும். பாட்டிலில் தேதி எழுதியிருக்கிறதா என்று முகாம் நடத்துபவர்கள் பார்த்தாலே போதும். இரண்டாவது அந்த ஒரு நிமிடம். கூட்டம் அதிகமானால் அது இருபது விநாடியாகச் சுருங்கும். சுவர்க் கடிகாரமோ மொபைல் டைமரோ கண்ணில் படும்படி இருக்க வேண்டும். மூன்றாவது வெளிச்சம். மஞ்சள் டார்ச்சில் வெள்ளை தெரியாது. நிறம் மாற்றிக் காட்டாத, திருப்பி வைக்கக்கூடிய வெள்ளை விளக்கு வேண்டும்; மொபைல் லைட்டை உதவியாளர் பிடித்துக்கொண்டு நிற்பது சமாளிப்பு மட்டுமே. நான்காவது, கிருமித் தொற்றால் வரும் மங்கலான வெண்மையையும் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவது. ஒரு செவிலியருக்கு நூறு பேரில் ஒருவர்கூடப் பாசிட்டிவ் வரவில்லை, இன்னொருவருக்கு முப்பது பேர் வருகிறார்கள் என்றால், இரண்டு பேருக்கும் மறுபயிற்சி தேவை.

பெரிய ஓட்டை வயது விஷயத்தில் இருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு, பார்க்க வேண்டிய உருமாற்றப் பகுதி உள்ளே கருப்பை வாய்க் கால்வாய்க்குள் போய்விடும். கண்ணுக்கே தெரியாத இடத்தில் அமிலம் தடவிப் பலனில்லை. 58 வயது அம்மாவுக்கு விஐஏ செய்து ‘ஒன்றும் இல்லை’ என்று அனுப்பினால் அது பொய்யான நிம்மதி. அவருக்கு ஹெச்பிவி சோதனையோ (கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடுவது) பேப் ஸ்மியரோதான் (செல்களைச் சுரண்டி எடுத்து லேபில் பார்ப்பது) பொருந்தும். ‘எனக்கு மாதவிலக்கு நின்று ஐந்து வருஷமாச்சு, இந்த டெஸ்ட் எனக்குப் பொருந்துமா’ என்று நேராகவே கேளுங்கள்.

போகிறவர்கள் கவனிக்க: உதிரப்போக்கு நாட்களில் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், பிரசவமாகி 12 வாரம் ஆகாதவர்களுக்கும் இப்போது வேண்டாம். முந்தைய இரண்டு நாள் உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் தவிர்க்கவும், உறவும் வேண்டாம். சுடிதாரைவிடச் சேலையோ நைட்டியோ வசதி, முழுதாகக் கழற்ற வேண்டியிருக்காது. கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொண்டுபோங்கள். சில அறுவை சிகிச்சைகளில் கருப்பையை மட்டும் எடுத்து வாயை விட்டுவைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பரிசோதனை இன்னும் தேவை.

முகாம் நடத்தும் குடியிருப்போர் சங்கங்கள் எப்போதும் மறப்பது ஸ்பெகுலம் கணக்கு. ஒரு பெண்ணுக்கு ஐந்தாறு நிமிடம் என்று வைத்தால், 12 ஸ்பெகுலம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பயன்படுத்தியதை 0.5 சதவீத குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, 20 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு எடுக்க ஏறக்குறைய இன்னொரு மணி நேரம். அந்த இடைவெளியில்தான் வரிசை கலையும். குழந்தை ஸ்கூலிலிருந்து வந்துவிடும், தண்ணீர் லாரி வந்துவிடும். ஒரு செவிலியருக்கு 24 ஸ்பெகுலம் இருந்தால் தடையில்லாமல் ஓடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் வகை கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. அளவில் சின்னதும் பெரியதும் கலந்து இருக்க வேண்டும். அங்கன்வாடி, சமுதாயக் கூடம் எதுவானாலும் உள்ளே தாழ்ப்பாள் போடும் அறை, ஜன்னலுக்குத் துணி, பக்கத்திலேயே கழிப்பறை, ஓடும் தண்ணீர். இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் கருப்பை வாய்ப் பரிசோதனையை அங்கே வைக்காதீர்கள். திரைக்கு வெளியே ஆண்கள் சுகர் டெஸ்ட்டுக்கு நிற்கும் ஏற்பாட்டில் ஒரு பெண்ணும் படுக்க மாட்டார், படுக்கவும் கூடாது.

வாய்ப் பரிசோதனைக்கு வருவோம். நல்ல டார்ச், வாய்க் கண்ணாடி இரண்டு அல்லது மரக் குச்சி, துணிப் பஞ்சு, கையுறை. முதலில் வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும், பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளம், நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு பக்கமும், நாக்கின் அடி, அண்ணம். அவசரத்தில் ‘ஆ காட்டுங்க’ என்று சொல்லித் தொண்டையைப் பார்த்து அனுப்பிவிடுவது பரிசோதனையே அல்ல. புகையிலையையோ பாக்கையோ எந்தப் பக்கம் அடக்கி வைக்கிறார் என்று கேட்டு, அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்ப்பதுதான் முக்கியம். வெள்ளைத் திட்டு சந்தேகத்துக்குரியது. வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு அதைவிட ஆபத்தானது. இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்றால் உடனே அனுப்ப வேண்டும். கூர்ப்பல் உரசி வந்த புண்ணானால் பல்லைச் சரிசெய்து இரண்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

காரம் பட்டாலே வாய் எரிகிறது, வாய் முன்போல் திறக்கவில்லை என்பவர்களைத் தனியாகக் குறியுங்கள். மூன்று விரலை நெட்டுக்கு அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைக்க முடியாவிட்டால், சவ்வுக்கு அடியில் நார் இறுகும் நோய் இருக்கக்கூடும். பாக்கு போடுகிற இளைஞர்களிடம் இது வருகிறது. ‘புகையிலை இல்லை, வெறும் பாக்குதான்’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகையில் வைத்திருக்கிறது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்துவிட்டது. மாவாவும் ஹான்ஸும் கிடைக்கும் இடம் எதுவென்று பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும்.

இந்தப் பரிசோதனைக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் குறை. திருவனந்தபுரத்தில் நடந்த நீண்ட ஆய்வில், 15 ஆண்டு முடிவில் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 24 சதவீதம் குறைந்திருந்தது. பலன் தெரிந்தது பழக்கம் உள்ளவர்களிடம். நம் முகாமில் வாயைக் காட்டுபவர்களோ பெரும்பாலும் பழக்கமே இல்லாத பெண்கள். ஆட்டோ ஸ்டாண்டு, டீக்கடை, லோடு வண்டி நிற்கும் இடம், காலை ஆறு முதல் எட்டு மணி என்று மாற்றினால்தான் ஆண்கள் கிடைப்பார்கள். மேஜை கூட வேண்டாம், ஒரு நாற்காலி போதும். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்குத் தேசியப் புகையிலைத் தடுப்பு உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. அந்த எண்ணைச் சீட்டின் பின்பக்கம் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

மார்பகப் பரிசோதனையைப் பற்றிச் சுருக்கமாக: செவிலியர் மூன்று விரல்களின் நுனிச் சதையால், லேசாக, நடுத்தரமாக, அழுத்தமாக என்று மூன்று அழுத்தத்தில் முழு மார்பையும், அக்குளையும், காறை எலும்புக்கு மேலும் தடவிப் பார்க்க வேண்டும். ரவிக்கைக்கு மேலே கை வைத்து முடித்தால் அது கணக்குக்குத்தான். மும்பையில் இருபது ஆண்டு தொடர்ந்த ஆய்வில் 50 வயதைத் தாண்டியவர்களிடம் கையால் செய்த பரிசோதனை சாவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தது. 50க்குக் கீழே அப்படித் தெளிவான பலன் இல்லை. ஆகவே வயதானவர்களை ‘உங்களுக்கு எதுக்கும்மா’ என்று திருப்பி அனுப்புவது தலைகீழ் வேலை. கட்டி தெரிந்தால் முதலில் ஸ்கேன் அல்லது மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பிறகு ஊசி வழி பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. பக்கத்துக் கிளினிக்கில் ‘சின்னக் கட்டிதான், எடுத்துடலாம்’ என்று முன்னாலேயே வெட்டிவிட்டால், பின்னால் செய்ய வேண்டிய சரியான அறுவை சிகிச்சை கெட்டுப்போகும்.

இனி பின்பாதி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் அல்ல. விஐஏ பாசிட்டிவ் வரும் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது. சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடிய முன்நிலை இருக்கும், அதை அப்போதே பொசுக்கிவிடலாம். ஹெச்பிவி கிருமி தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாறப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த இரண்டு வரியைச் சொல்ல நேரமில்லாமல் சீட்டை மட்டும் கையில் கொடுப்பதால்தான், ஒருவர் பயந்து வீட்டில் மறைக்கிறார், இன்னொருவர் உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சீட்டை அரிசி டப்பாவில் போட்டுவிடுகிறார்.

அடுத்த கட்டத்தை எண்ணிப் பாருங்கள். பெரிய மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்க ஒரு நாள். கால்போஸ்கோப்பி (கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) குறிப்பிட்ட கிழமையில்தான் என்றால் அதற்கு ஒரு நாள். பயாப்சி எடுத்தால் முடிவு வாங்க ஒரு நாள். சிகிச்சைக்கு ஒரு நாள். பெரும்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் போய்வருவதென்றால் ஒவ்வொன்றும் முழு நாள். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே தடை பஸ் காசு அல்ல, நான்கு நாள் சம்பளமும், லீவு கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும். நன்கு கவனித்து நடத்திய மும்பை விஐஏ ஆய்விலேயே பாசிட்டிவ் வந்தவர்களில் 79 சதவீதம் பேர்தான் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு வந்தார்கள். துரத்திப் பிடிக்க ஆள் இல்லாத சாதாரண முகாமில் அது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. சீட்டில் மருத்துவமனைப் பெயர் மட்டும் போதாது. தேதி, கிழமை, எந்தக் கட்டடம், எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று இருக்க வேண்டும். தொலைபேசி எண் கணவருடையதாக இருந்தால் பெண்ணின் சொந்த எண்ணையோ அவர் நம்பும் இன்னொருவர் எண்ணையோ கேட்டு வாங்க வேண்டும். முடிவைக் காரிடாரில் நின்று சொல்லக் கூடாது. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் அரை மணி நேரத்தில் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். ஐந்து பேர் சேர்ந்ததும் ஒரே நாளில் தன்னார்வலர் கூட்டிக்கொண்டு போவது நல்ல பலன் தரும். தனியாகப் போனால் வழி தெரியாமல் திரும்பிவிடுபவர்கள் கூட்டமாகப் போனால் முடித்துவிட்டு வருகிறார்கள்.

இதைவிட நல்ல வழி, பார்த்த இடத்திலேயே சிகிச்சை. வெப்பத்தால் பொசுக்கும் கையடக்கக் கருவி வந்துவிட்டது. நுனி 100 டிகிரிக்குச் சூடாகும், ஒருமுறை வைக்க அரை நிமிடம் போதும். பழைய குளிர்வைப்பு முறைக்கு வாயு உருளை வேண்டும். மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். உருளை தீர்ந்தால் சிகிச்சையும் நின்றது. புதிய கருவி பேட்டரியில் ஓடும். எல்லாருக்கும் பொருந்தாது: வெள்ளைப் பகுதி முழுதாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கால்வாய்க்குள் போயிருக்கக் கூடாது, கருப்பை வாயின் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது, புற்றுநோய்ச் சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது. இதற்குள் அடங்குபவர்களுக்கு நான்கு நாள் அலைச்சல் ஒரே நாளில் முடியும். மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் கருவியோடு குடியிருப்புக்கு வந்தால், இந்த மதிப்பீட்டின் பாதிக் குறை போய்விடும்.

ஹெச்பிவி சோதனை இன்னும் பொருத்தமானது. உலக சுகாதார அமைப்பு 2021லிருந்து முதல் பரிசோதனையாக இதைத்தான் பரிந்துரைக்கிறது. உஸ்மானாபாத்தில் ஒரே ஒருமுறை செய்த ஹெச்பிவி சோதனை சாவைப் பாதியளவு குறைத்தது. இதற்கு மாதிரியைப் பெண் தானே எடுக்கலாம் என்பது ஹவுசிங் போர்டுக்கு வரம். படுக்கை வேண்டாம், ஸ்பெகுலம் வேண்டாம், வேறு யாரும் பார்க்க வேண்டாம். கை கழுவி, மென்மையான பிரஷ்ஷை விரல் நீளத்துக்கு உள்ளே விட்டு, கிட்டில் சொன்ன அளவு சுற்றி எடுத்துக் குழாயில் போட்டு மூட வேண்டும்; வீட்டுக் குளியலறையே போதும். தவறு நடக்கும் இடம் பெயர் ஒட்டுவதில். மாமியார், மருமகள் இருவர் குழாயும் ஒரே பையில் போகும். பிளாக்கில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். குழாயைக் கையில் கொடுக்கும்போதே பெயர், வயது, பிளாக், கதவு எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். காசநோய்க்குப் பயன்படும் ட்ரூநாட் இயந்திரத்திலேயே ஓடும் இந்தியத் தயாரிப்பு ஹெச்பிவி சோதனை இருக்கிறது என்பதால், புதிதாக லேப் கட்டும் செலவும் குறையும். பாசிட்டிவ் வந்தால் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று வீட்டில் சண்டை வரக்கூடும். மிகச் சாதாரணமாகப் பரவும் கிருமி, பல ஆண்டு சத்தமில்லாமல் உள்ளே இருக்கக்கூடியது, யாரையும் சந்தேகப்பட இது சான்று ஆகாது என்று கணவருக்கும் சேர்த்துச் சொல்ல ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

தடுப்பூசி பற்றி ஒரு வார்த்தை. 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண்களுக்கு ஹெச்பிவி தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பள்ளி வழியாக மட்டும் போட்டால், இடம் மாறியதில் பள்ளியை விட்டு நின்ற பெண்கள் விடுபடுவார்கள்; இங்கே அவர்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. பள்ளிப் பதிவேட்டோடு பிளாக் வாரியான வீட்டுப் பட்டியலையும் ஒப்பிட வேண்டும். ஊசி போட்டவர்களும் 30 வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. புற்றுநோய் உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். காப்பீட்டு அட்டை வழங்கும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. குடும்ப அட்டையில் இன்னும் பழைய கரையோர முகவரியே இருந்தால் சான்று வாங்குவது இழுக்கும். பயாப்சி முடிவு வரும்வரை காத்திருக்காமல், மாதிரி கொடுத்த அன்றே முகவரி மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பயாப்சி அறிக்கையை மூன்று நகல் எடுத்து, அசலை மருத்துவமனைக் கோப்பில் விட்டுவிடாமல் வீட்டில் வையுங்கள். இரண்டாவது மருத்துவமனைக்குப் போகும்போது முதல் கேள்வியே அந்த அறிக்கை எங்கே என்பதுதான்.